பதினான்கு நொடியில் ஒரு சிரிப்பு

மார்ச் 17, செவ்வாய்

காலையிலிருந்து பனி. ஏரி இருக்கும் இடமே தெரியவில்லை. மதியம் லேசான தூறல். காப்பிப் பூவுக்கு இது பத்தாது என்று ஸ்டீபன் புலம்பல். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரைக் கட்டிக்கொண்டவளுக்கு மழைப் பேச்சுதான் மாலை டிபன்.

செய்ய வேண்டியவை:
– ஐந்தாம் வகுப்பு பாட்டுத் தேர்வு மார்க்
– வயலின் வில்லுக்கு ரோசின் (சேலம் போகிறவர் யாராவது?)
– ஃபாதருக்குப் பதில்

மூன்றாவதுதான் தள்ளிக்கொண்டே போகிறது. பெரிய வெள்ளி சிலுவைப் பாதையில் இந்த வருடமும் நான்தான் வயலினோடு முன்னால் நடந்து பாட வேண்டுமாம். "போன வருசம் மாதிரியே உருக்கமா இருக்கணும்மா" என்றார். அவருக்குத் தெரியாது. போன் பார்க்காத மனிதர்.

போன வருடம் நடந்ததை இந்த நோட்டில் நான் எழுதவே இல்லை. எழுதிவிடுகிறேன்.

ஊர்வலம் ஏரியை ஒட்டி, போட் ஹவுஸ் வளைவில். மூன்றாம் சரணம். எனக்கு என்ன ஆயிற்றென்று தெரியாது. வில் நின்றுவிட்டது. கண் மூடி, தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்து, அழுதுகொண்டே பாடியிருக்கிறேன். டூரிஸ்ட் யாரோ அதைப் போனில் எடுத்துப் போட்டுவிட்டார்கள். பதினான்கு நொடி. என் முகம். போன் பக்கத்திலேயே ஓர் ஆண் குரல்: "பாரு பாரு, அம்மணிக்கு சாமி எறங்கிருச்சு!" பிறகு சிரிப்பு. நெஞ்சு முழுக்க நிறைந்து வெளியே கொட்டுகிற சிரிப்பு.

ஒரு வாரத்தில் பெற்றோர் குரூப்புக்கே வந்துவிட்டது. ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளை ஸ்கேலைக் கழுத்தில் வைத்துக்கொண்டு நடித்துக் காட்டினாள். நன்றாகவே நடித்தாள்.

நேற்று அந்த வீடியோவை நெட்டிலிருந்து நீக்கிவிட்டார்கள். எத்தனையோ புகாருக்குப் பிறகு. ஸ்டீ. கேசரி செய்தார். அடிப்பிடித்த கேசரி.


மார்ச் 19, வியாழன்

வீடியோ போய்விட்டது. சிரிப்பு போகவில்லை.

குக்கர் விசில் அடங்கும்போது. பஸ் ஹாரனுக்குப் பிறகு வருகிற அமைதியில். எங்கேயாவது இரண்டு பேர் குனிந்து ஒரே போனைப் பார்த்தால் போதும், இடது காதுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்கிறது.

பாடகர் குழுப் பயிற்சி. கீழ்க்குரல் ஆல்ட்டோ பாடுகிற பெண் கேட்டாள்: "ஏனுங்க அக்கா, மொகத்த இப்புடி வெறப்பா வெச்சிருக்கீங்க? சண்டையா?" பல்வலி என்றேன். ஒரு வருடமாக எனக்குப் பல்வலி.

போன மாதம் ரிசார்ட் கல்யாண ரிசப்ஷனில் வாசித்தபோது கண் மூடியது. ஒருவரும் சிரிக்கவில்லை. "என்ன ஃபீல்!" என்றார்கள். சினிமாப் பாட்டுக்குக் கண் மூடினால் ஃபீல். தெருவில் ஆண்டவருக்கு மூடினால் சாமி இறங்கிவிட்டது. அப்படியென்றால் நான் வெட்கப்படுவது முகத்துக்கா, கும்பிட்டதற்கா? இதற்கு எனக்குப் பதில் தெரியும். எழுதப் பிடிக்கவில்லை.


மார்ச் 20, வெள்ளி

கோயிலுக்குள் சிலுவைப் பாதை. நாற்பது பேர், எல்லோரும் தெரிந்த முகம். தைரியமாக ஒரு வரிக்கு மட்டும் கண்ணை மூடிப் பார்த்தேன்.

வந்துவிட்டது. அவ்வளவு பக்கத்தில். சிரிப்பதற்கு முன் ஒருவன் மூச்சு இழுப்பானே, அது உட்பட.

வில் நடுங்கி இரண்டு தந்தியைச் சேர்த்து உரசிவிட்டது. முன் பெஞ்சில் ஒரு பாட்டி திரும்பிப் பார்த்தார். ஃபாதரிடம் இன்றே முடியாது என்று சொல்லிவிட நினைத்தேன். செருப்பு மாட்டியதும் வீட்டுக்கு வந்துவிட்டேன்.


மார்ச் 22, ஞாயிறு

நல்ல வெயில். டூரிஸ்ட் கூட்டம். பூசை முடிந்து வயலின் பெட்டியோடு காய் வாங்கப் போனேன். பீன்ஸ், நூல்கோல், கொத்தமல்லி.

போட் ஹவுஸ் அருகே சோளக்கருது சுடும் தள்ளுவண்டி. அங்கே நின்ற பெண் விசிறியைப் போட்டுவிட்டு என் பின்னாலேயே ஓடி வந்தாள். நாற்பது வயதிருக்கும். கையெல்லாம் கரி.

"ஏனுங்க, ஏனுங்க மிஸ்! நீங்கதானுங்களே போன்ல பாடுன அம்மணி? வயலின் வெச்சுக்கிட்டு?"

வயலின் பெட்டியை மறுபக்கம் மாற்றிக்கொண்டேன். "இல்லைங்க. அது வேற யாரோ."

"இல்லீங்க, நீங்களேதான். நான் நெதம் பாப்பனுங்க. இப்ப ஒரு வாரமா அது வர மாட்டீங்குது. எம் பேரு மல்லிகாங்க, கிளியூருங்க. உங்ககிட்ட அது இருக்குதுங்களா?"

நெதம் பாப்பனுங்க. தினமும் என்னைப் பார்த்துச் சிரிக்கிற ஒருத்தி, சிரிக்க ஒன்றும் இல்லாமல் போய்விட்டதே என்று என்னிடமே வந்து கேட்கிறாள்.

"நான் இல்லைன்னு சொல்றேன்ல. எங்கிட்ட ஒண்ணும் கெடையாது."

அவள் முகம் விழுந்துவிட்டது. "கோச்சுக்காதீங்க சாமி" என்று இரண்டடி பின்னால் போனாள்.

வீடு வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டபிறகும் கொத்தமல்லிக் கட்டைக் கையிலேயே பிடித்திருந்தேன். இரண்டு முறை இல்லை என்றேன். இரண்டுமே பொய். அந்த வீடியோ என் போனில் இருக்கிறது. "பில்கள்" என்று பெயர் வைத்த ஃபோல்டரில். ஸ்டீபனுக்கும் தெரியாது.


மார்ச் 23, திங்கள்

மதிய இடைவேளை. மியூசிக் ரூம் கதவைச் சாத்திக்கொண்டேன். எப்போதும் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்ப்பேன், என் முகத்தை மட்டும். இன்று ஹெட்போன் போட்டு முழுச் சத்தத்தோடு. என் முகத்தைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டு.

இதுவரை நான் அந்த ஓரத்தைப் பார்த்ததே இல்லை. இடது கீழ் மூலையில் புகை. கரி அடுப்பு. ஒரு கை சோளக்கருதைத் திருப்பிக்கொண்டிருக்கிறது. மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. ஒன்பதாவது நொடியில் கை நின்று என் பக்கம் நீள்கிறது. "பாரு பாரு." சிரிப்பில் அந்தக் கையும் குலுங்குகிறது.

சோளக்கருதுக்காரர்.

ஸ்கூல் ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு அம்மாவுக்கும் ஊர் கிளியூர்தான். தண்ணி குடிக்கப் போகிற மாதிரி போய்க் கேட்டேன். "மல்லிகாளுங்களா? பாவமுங்க மிஸ். ஆடியில அவ ஊட்டுக்காரரு போயிட்டாரு. கரி மூட்டையத் தூக்கிட்டு வந்தவரு அப்புடியே உக்காந்தாரு. அவ்வளவுதானுங்க."

ஐந்தாம் வகுப்பு மார்க்கில் ஒரே பிள்ளைக்கு இரண்டு தடவை மார்க் போட்டுவிட்டேன்.

ஒரு வருடமாக என் காதுக்குப் பின்னால் நின்றவர் ஆடியிலிருந்தே உயிரோடு இல்லை.


மார்ச் 24, செவ்வாய்

ஸ்டீபனிடம் எல்லாம் சொன்னேன். ஃபோல்டரையும், அதை மல்லிகாவுக்குக் கொடுக்க நினைப்பதையும். அவர் போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். பிறகு கோபம்.

"அந்தாளு சிரிச்சதுல நீ ஒரு வருசமாச் செத்துக்கிட்டு இருக்கற ரோஸி. அத எடுத்து அவன் பொண்டாட்டி கையிலயே குடுப்பியா?"

"அவகிட்ட அவரு குரல் வேற எதுவுமே இல்லீங்களாட்ட இருக்குது."

"உன் மொகம் மறுபடியும் ஊரு பூராவும் சுத்தும். அப்ப எங்கிட்ட அழுகக் கூடாது."

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது அவரே சொன்னார்: "சத்தத்த மட்டும் பிரிச்சுக் குடு. படம் வேண்டாம்." நல்ல மனிதர். எனக்கு வழி கிடைத்துவிட்டது என்று நிம்மதி. அந்த நிம்மதியே அசிங்கமாகவும் இருந்தது.


மார்ச் 26, வியாழன்

நான்கு மணிக்கு மழை, நன்றாகப் பெய்தது. மலையெல்லாம் காப்பிப் பூ வாசனை வரும் இனி. மழை விட்டதும் போனேன். மல்லிகா வண்டி மேல் பிளாஸ்டிக் ஷீட் போட்டு நின்றிருந்தாள்.

"அன்னைக்குப் பொய் சொன்னேன். நான்தான் அது."

"தெரியுமுங்க" என்றாள். அவ்வளவுதான்.

என் போனைக் கொடுத்துச் சத்தத்தைக் கேட்க வைத்தேன். கண்ணை இறுக்கி மூடிக் கேட்டாள். சிரிப்பு வந்ததும் உதடு தானாகப் பிரிந்தது. என்னைப் பிடித்து ஆட்டுகிற அதே சிரிப்புக்கு.

பிறகு மெதுவாக: "படம் இல்லீங்களா மிஸ்? அவரு கை தெரியுமுங்க அதுல."

மழைத் தண்ணீர் ஷீட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. நான் நிற்கிறேன். அவள் ஷீட்டைத் தட்டித் தண்ணீரை வழிய விடுகிறாள். கெஞ்சியிருந்தால் மறுத்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

ஃபோல்டரைத் திறந்தேன்.

இரண்டு பேரும் ஒரே போனில் குனிந்து பார்த்தோம். அவள் விரல் திரையின் மூலையில் அந்தக் கை மேலேயே இருந்தது. என் முகம் அவளுக்குக் கண்ணில் படவே இல்லை. முழுவதையும் அவள் போனுக்கு அனுப்பினேன்.

"அவரு சிரிச்சது தப்புத்தானுங்க" என்றாள். "எங்க மாரியம்மன் கோயில்லயே பூசாரியப் பாத்துச் சிரிப்பாரு. அடி வாங்கியிருக்காரு. ஆனா அந்தச் சிரிப்பு எனக்கு வேற எங்கயும் இல்லீங்க."

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "அன்னைக்கு ஊட்டுக்கு வந்து என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாருங்களா?"

யோசித்துப் பார்த்தாள். உண்மையாகவே யோசித்தாள். "இல்லீங்க. நொம்ப வியாவாரம்னு சொன்னாரு. தூங்கிட்டாரு."

நடந்தே வீட்டுக்கு வந்தேன். ஒரு வருடம். நான் தூங்கவில்லை. அவர் அன்றைக்கே தூங்கிவிட்டார்.


மார்ச் 29, குருத்து ஞாயிறு

குருத்தோலை மடிக்கச் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுத்தேன். விரலில் கீறல்.

ஃபாதரிடம் சரி என்றேன். அவர் ஒன்றுமே நடக்காத மாதிரி "மைக் வேணுமா, வேண்டாமா?" வேண்டாம்.

ஸ்டீ.: "நெசமாத்தான் போறியா?"  எனக்கே தெரியவில்லை. சிரிப்பு இன்னும் வருகிறது. இப்போது அதற்கு ஒரு கை இருக்கிறது, கறுப்புக் கயிறு இருக்கிறது. அது லேசா, பாரமா?


ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

உபவாசம். தலைவலி. வானம் மூட்டம், மழை இல்லை.

போன வருடத்தைவிடக் கூட்டம். இரண்டு பக்கமும் போன்கள் தூக்கியபடி. ஒரு காரிலிருந்து குழந்தை கேட்டது, "டாடி, இவங்க எல்லாம் எங்க போறாங்க?" நான் ஃபாதரின் அங்கி விளிம்பைப் பார்த்தே நடந்தேன். விளிம்பில் சேறு.

போட் ஹவுஸ் வளைவு. மூன்றாம் சரணம். மூடக் கூடாது என்று முடிவெடுத்திருந்தேன். மூடிக்கொண்டது.

வந்தது. மூச்சு இழுப்பு, பிறகு சிரிப்பு. ஓடவில்லை. அது சிரித்து முடிக்கட்டும் என்று பாடிக்கொண்டே நின்றேன். யாருக்காகப் பாடுகிறேனோ அவரும் இதைக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறார் என்று தோன்றியது. கண்ணீர் கழுத்து வரை ஓடியது. துடைக்கக் கை இல்லை.

கண் திறந்தபோது எதிரே மல்லிகா. வண்டியில் இன்று அடுப்பு பற்றவைக்கவில்லை. இரண்டு கையாலும் போனைத் தூக்கிப் பிடித்து என்னையே எடுத்துக்கொண்டிருந்தாள்.

 நான் பாட்டை விடவில்லை.

எல்லாம் முடிந்தபின் திரும்பிப் போய்க் கேட்டேன். "எதுக்கு எடுத்தீங்க மல்லிகா?"

"அதே எடந்தானுங்க" என்றாள். "அவரு இல்லாம எப்புடி இருக்குதுன்னு பாக்கலாமுன்னு."


ஏப்ரல் 4, சனி

வெயில். புடவை இஸ்திரி. முட்டை அவிக்க வேண்டும். விடியற்காலைப் பூசைக்கு நான்கு பாட்டு.

மல்லிகா வீடியோவை எனக்கு அனுப்பியிருக்கிறாள். ஸ்டீ. எஸ்டேட் போனபின் சமையலறையில் உட்கார்ந்து பார்த்தேன். சத்தத்தோடு. ஒன்பதாவது நொடிக்குக் காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. போனுக்கு மிக அருகில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சுகிறாள். பின்னால் நான் பாடுகிறேன்.

மறுபடி போட்டேன். அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.

மூன்றாம் சரணத்தின் இரண்டாவது வரியில் சுருதி இறங்கியிருக்கிறேன்.