அந்தப் பச்சையைச் சுரண்ட விடமாட்டேன்

குருநகர்,
ஆடி மாதம், கொடியேறிய மறுநாள்.

அன்பு மகள் ஜெனிற்றாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், என் முழங்கால் மட்டும் என்னோடு கோபம். நீயும் அந்தக் குளிர் தேசத்தில் நேரத்துக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு திரிகிறாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் நீ இடையில் புகுந்து கதைப்பாய், நான் சொல்ல வந்ததை விட்டுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். உன் அண்ணை ஜெயசுதன் இதைப் படம் பிடித்து அனுப்புவான், பாதியில் நிறுத்தாமல் வாசி.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் உங்கள் பல்கலைக்கழகக் கடிதத்தைப் பங்குச் சுவாமி வாசித்தார். எங்கள் சின்னக் கோயிலில் குதிரையில் ஏறி நிற்கிற புனித சந்தியோகுமையோரின் மரச் சுரூபம் பறங்கியர் காலத்தில் செதுக்கியதாக இருக்கலாமாம், குதிரையில் பூசிய பெயின்ற் முழுவதையும் உரித்தால் அடியில் பழைய வர்ணம் கிடக்குமாம், அதற்குச் சனம் சம்மதம் தரவேண்டுமாம். கீழே உன் பேர். சனம் கை தட்டியது. கோயில் சபைக் கனிசியஸ் எழும்பி, "எங்கடை பிள்ளை கேக்குது, பிறகென்ன யோசினை, மறைமாவட்டமே பாக்க வரும்" என்றான். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்க்க, நானும் எழும்பி, "நான் சம்மதிக்கமாட்டன்" என்றேன். சுவாமி கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பக்கத்தில் இருந்த பிரியந்தினி என் சீலையைப் பிடித்து இழுத்து, "அக்கா, கேக்கிறது உங்கடை மகளெல்லோ" என்றாள். ஓம், என்ரை மகள்தான், அதாலைதான் பயமில்லாமச் சொல்லுறன் என்றேன்.

நீங்கள் எழுதிய அறிக்கையை அண்ணை எனக்குத் தமிழில் சொன்னான். போனமுறை வந்தபோது குதிரையின் வயிற்றில் நகத்தளவு சுரண்டிக்கொண்டு போனாயே, அதில் நீலம், சிவப்பு, பச்சை என்று அடுக்கடுக்காகத் தெரிந்ததாம், எல்லாம் தேவையற்ற பிற்காலப் பூச்சாம். கேட்கக் கேட்க எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. யாருக்கடி தேவையில்லை? கொடியேற முதல் வள்ளத்துக்குப் பெயின்ற் அடிக்கிற வீட்டுக்காரர் தகரப் பேணியில் மிஞ்சினதைக் கொண்டுவந்து குதிரைக்குப் பூசுவது இந்தக் கரையின் வழக்கம், பூசாமல் ஒருவனும் அந்த வள்ளத்தைக் கடலில் இறக்கமாட்டான். அந்தப் பெயின்ற்தான் ஈரத்தை உள்ளே அடைத்துப் பின்னங்காலை உக்க வைத்தது என்று எழுதியிருக்கிறாய், அது உண்மை, நானும் விரலால் அமத்திப் பார்த்தேன், மாவாய் உதிருது. ஆசையில் பூசிப் பூசி நாங்களே கெடுத்துவிட்டோம். அந்தக் காலுக்கு வைத்தியம் செய்யுங்கள், யார் வேண்டாமென்றது? அதற்காகக் குதிரை முழுவதையும் உரிக்கிறது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை.

மற்ற நிறங்களை விடு, அந்தப் பச்சையைக் கேள். உனக்கு அப்போது நடை பழகுகிற வயது. நாட்டில் சண்டை நேரம், கடையில் பெயின்ற் கிடையாது. உன் அப்பா எங்கேயோ அலைந்து ஒரு பேணி பச்சை கொண்டுவந்து வள்ளத்துக்கு அடித்தார், மிஞ்சினதை உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு குதிரைக்குப் பூசினார், நீ பேணிக்குள் கையை விட்டு அவர் தலையெல்லாம் பச்சையாக்கினாய். அந்தத் திருநாள் முடிந்து கடலுக்குப் போனவர்தான். வள்ளமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. ஆத்துமாக்கள் திருநாளுக்குச் சனமெல்லாம் சேமக்காலைக்குப் போய்க் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்துது, நான் எங்கே போய்க் கொளுத்துவது? அந்தக் குதிரையடியில்தான் கொளுத்துகிறேன். சின்னனில் நீயும் என் பக்கத்தில் நின்றாய், ஏன் இங்கே என்று கேட்டதில்லை, எனக்கும் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு அவர் மிச்சம் வைத்துவிட்டுப் போனது அதுதான் பிள்ளை.

இந்த வருசம் ஜெயசுதன் மஞ்சள் பெயின்ற் கொண்டுவந்தான். உன் சொல் கேட்டுக் கால் பக்கம் தொட விடவில்லை, வாலில் மட்டும் ஒரு இழுப்பு நானே இழுத்தேன். சுவாமி கண்டும் காணாததுபோலப் போனார். உங்கள் பேராசிரியரிடம் சொல்லு, உக்கின காலைப் பார்க்க வந்தால் தேத்தண்ணி தருவேன், உரிக்காமலே உள்ளே பார்க்கிற மெசின் இருக்கென்று நீதானே சொன்னாய், அதையும் கொண்டுவரட்டும். கத்தியோடு வந்தால் கோயில் வாசலில் நான் நிற்பேன். இந்த முழங்காலோடு நிற்பேன். உரித்துத்தான் ஆகவேண்டுமென்றால் வேறு ஆளை அனுப்பாதே, நீயே வந்து என் கண்ணுக்கு முன்னால் உன் கையால் உரி, பார்ப்போம்.

மாதா உன்னைத் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், எடுத்த படிப்பு நல்லபடி முடியட்டும். ஈரத்தலையோடு வெளியே போகாதே. மிளகாய்த்தூள் முடிந்தால் சொல்லு. ஒன்றை மறந்துவிடாதே, அறிக்கையில் அந்தப் பச்சைக்கு ஏதோ நம்பர் போட்டிருக்கிறாயாம். அதை வெட்டிவிட்டு அப்பாவின் பேரை எழுது.

சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைக்காத உன் அம்மா,
மரியரட்ணம் யோசபின்