நடுவில் புகுந்த பேரம்

ஹேமாங்கியின் அம்மாவுக்கு,

எழுத்து மேலும் கீழுமாகப் போவதைப் பார்த்துச் சிரிக்காதே. முதியோர் கல்வி வகுப்பில் சேர்ந்த பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. இந்தப் பக்கத்துக்கே ஒரு காலைப்பொழுது போய்விட்டது.

நம் மகள் ஜெயித்துவிட்டாள்! பாந்த்ராவில் பெரிய கம்பெனி, தலைமை டிசைனர் வேலை. சம்பளம் பேச நேற்று போன் செய்தார்கள். நம் ஒற்றை அறையில் நான் எங்கே எழுந்து போவது? பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது.

"வருஷத்துக்கு முப்பது லட்சம் மேடம்" என்றார் அந்த மனிதர்.

"முப்பத்தெட்டு சார்" என்றவள், அதோடு வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பக்கமும் பேச்சில்லை. மீன் சந்தையில் பேரம் இப்படி நின்றுபோனால், சும்மா நிற்பவன் நடுவிலை சொல்லி முடித்துவைப்பான் இல்லையா? பழக்கதோஷத்தில் கத்திவிட்டேன்.

"முப்பத்துநாலுக்கு முடிச்சுக்கோங்கப்பா!"

"யார் மேடம் அது?"

"எங்க பாபா. மும்பை வாடகையை மறந்துட்டுப் பேசறார். முப்பத்தெட்டுதான் சார்."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "சரி, முப்பத்தெட்டு. பாபாவை மட்டும் ஆபீஸ் பக்கம் கூட்டிட்டு வந்துடாதீங்க!"

போனை வைத்ததும் என் காதைத் திருகினாள். "நாலு லட்சத்தை மீன் கூடையில கொட்டப் பாத்தீங்களே பாபா!" பிறகு இரண்டு பேரும் குதித்ததில் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்து, பேடா தின்றுவிட்டுப் போனார்.

"கால் நீட்ட இடம் கிடைச்சா கூப்பிடு" என்று சொல்லித்தானே ரத்னகிரிக்கு உன் தங்கை வீட்டுக்குப் போனாய்? இரண்டு அறை வீடு பார்த்திருக்கிறோம். நான் ஒன்றும் கூப்பிடவில்லை. இடம் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

அடுத்த வாரம் புது விலாசத்திலிருந்து எழுதுகிறேன். அதற்குள் நீயே வந்துவிட்டால், கடிதத்தை உன் கையிலேயே கொடுக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்