கொட் மீனுக்கு இன்னொரு வருடம்

பிளாக்ஹவுஸ் பே, ஒக்லாந்து
7 ஜூன் 1998

அன்பின் ரதிக்கு,

நானும் பிள்ளையும் சுகம். வீடுதான் நீர் இல்லாமல் ஒரு மாதிரிக் கிடக்கிறது. குளிர் தொடங்கிவிட்டது, துணி காய்வதில்லை. கிருசாந்தியின் ஸ்கூல் சொக்ஸை ஹீட்டருக்கு முன்னால் வைத்து ஒன்றைக் கருக்கிவிட்டேன். பத்து வயது ஆகிவிட்டது அல்லவா, என் சமையலுக்கு இப்போது ஆங்கிலத்தில் விமர்சனம் சொல்கிறாள்.

கனடாக்காரரின் ஆராய்ச்சிக் குழுவில் ஒரு வருடம் என்று சொல்லித்தான் போனீர். இங்கே பல்கலைக்கழகத்தில் உமது வேலையை ஒக்டோபர் வரைக்கும்தான் வைத்திருப்பார்களாம். நான் கோபத்தில் எழுதவில்லை. ஆனால் எங்களை விட்டுவிட்டுப் பனிக்குள் போய் இருக்கும் அளவுக்கு அது என்ன மீன், ரதி? விலங்கியல் படிக்காத எனக்கும் விளங்கும்படி எழுதும்.

உம்முடைய,
சபாரத்தினம்


ஹட்சன் விரிகுடாவின் வடக்குத் தீவு
2 ஜூலை 1998

அன்புள்ள அத்தானுக்கு,

வாரத்துக்கு ஒருமுறை சாமான் கொண்டுவரும் குட்டி விமானத்தில் உங்கள் கடிதம் வந்தது. சொக்ஸ் கதையை வாசித்துத் தனியே இருந்து சிரித்தேன்.

மீனைக் கேட்டீர்கள். துருவக் கொட் மீன் என் கையளவுதான். சந்தையில் கண்டால் நீங்கள் திரும்பியும் பார்க்க மாட்டீர்கள். ஆனால் வேறு மீனின் இரத்தம் உறைந்துபோகும் குளிரில் இது நீந்தித் திரிகிறது. அதன் இரத்தத்தில் உள்ள ஒரு பொருள், பனித்துகளை வளரவிடாமல் தடுக்கிறது. இருட்டான மாரியில் பனிக்கட்டிக்குக் கீழே முட்டையிடும். குஞ்சுகள் பனியின் வெடிப்புகளுக்குள் ஒளிந்து வளரும். பனியின் அடிப்பக்கத்தில் பாசி படியும். அதைத் தின்னும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிற்றுயிர்களை இந்த மீன் தின்னும். இந்த மீனைச் சீல் என்னும் கடல்நாயும் வெள்ளைத் திமிங்கிலமும் பறவைகளும் தின்னும். இது இல்லையென்றால் இவ்வளவு பெரிய கடல் பட்டினி கிடக்கும், அத்தான்.

இந்த வருடம் பனி மிக முந்தியே உடைந்துவிட்டது. இங்கே பழகியவர்கள் எல்லோரும் அதைத்தான் பேசுகிறார்கள். பாறைமுகட்டில் கறுப்பு வெள்ளைக் கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில் அடைகாக்கின்றன. குஞ்சு பொரித்ததும் தாயும் தகப்பனும் எந்த மீனைக் கொண்டுவருகின்றன என்று பார்த்தால், கடலுக்குள் என்ன நடக்கிறது என்பது தெரிந்துவிடும். காத்திருக்கிறேன்.

பிள்ளைக்கு என் முத்தம்.

என்றும் உங்கள்,
ரதிதேவி


பிளாக்ஹவுஸ் பே
26 ஜூலை 1998

அன்பின் ரதிக்கு,

உமது கடிதத்தை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கிருசாந்திக்கு வாசித்தேன். மறுநாளே ஃபிரிட்ஜின் ஃபிரீசருக்குள் இருந்த என் பட்டாணியையெல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டு, உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் உறையப் போட்டிருந்தாள். நிமிடத்துக்கு ஒரு தரம் திறந்து பார்த்து, உப்புத் தண்ணீர் பிந்தித்தான் உறைகிறது என்று கண்டுபிடித்தாள். "அப்ப அம்மாட மீன் உப்பை விடக் கெட்டிக்காரன்," என்றாள். இப்போது வகுப்பில் அதைப் பற்றிப் பேசவும் போகிறாள்.

வெள்ளிக்கிழமை நியூ லின் மண்டபத்தில் பூசை. இரத்தினசிங்கம் அண்ணை எல்லோருக்கும் கேட்க, "என்ன தம்பி, மனிசி மீன் பிடிக்கப் போயிட்டாவாம்?" என்றார். வழக்கமாக நான் சிரித்து மழுப்பிவிடுவேன். அன்று, "ஓம் அண்ணை. அந்த மீன் இல்லாட்டி அங்க ஒரு சீவனும் இல்லை. அதுக்கு என்ன நடக்குதெண்டு பாக்கிற ஆக்கள் உலகத்தில கொஞ்சப் பேர்தான். அதில ஒராள் என்ர மனிசி," என்றேன். பிறகு அந்த இரத்தத்துக் கதையையும் சொன்னேன். மனுசன் வடையைக் கையில் வைத்துக்கொண்டு வாய் பார்த்து நின்றார்.

குஞ்சுகள் பொரித்தனவா? உடனே எழுதும். பிள்ளை கேட்கிறாள். நானும்தான்.

உம்முடைய,
சபாரத்தினம்


ஹட்சன் விரிகுடாவின் வடக்குத் தீவு
18 ஓகஸ்ட் 1998

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் இரத்தினசிங்கம் அண்ணைக்குச் சொன்னதை நான் பலமுறை வாசித்துவிட்டேன்.

குஞ்சுகள் பொரித்தன. முகட்டின் ஓரத்தில் மரப்பெட்டி போன்ற ஒரு மறைவிடம். அதற்குள் குந்தியிருந்து தொலைநோக்கியால் பறவைகளின் அலகைப் பார்ப்பதுதான் வேலை. முந்திய வருடங்களில் இங்கே இருந்தவர்கள் எழுதிவைத்ததெல்லாம் கொட், கொட், கொட். நான் பார்த்ததில் பாதிக்குப் பாதி வேறு மீன், தெற்கே இளஞ்சூட்டுத் தண்ணீரில் இருக்கிறவை. எங்கள் கொட் மீன் எங்கே போனது? குளிரைத் தேடி ஆழத்துக்கா, வடக்குக்கா, இல்லையென்றால் குறைந்தே விட்டதா? குஞ்சுகளும் மெலிவாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் அந்தப் பறவைகளைப் பார்க்க வேண்டும், அத்தான். கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு காற்றை எதிர்த்து வந்துகொண்டே இருக்கின்றன.

ஒரு வருடத்தை வைத்துக் கடல் மாறிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. இது ஒரு தற்செயலான சூடாகவும் இருக்கலாம். அடுத்த வசந்தத்தையும் பார்க்க வேண்டும் என்கிறார்கள். இன்னொரு வருடம் இருக்கிறீர்களா என்று குழுத் தலைவர் கேட்டார்.

மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஒக்டோபர் முதல் வாரம் வருகிறேன்.

நாளை முகாமைக் கலைக்கிறோம். இனி எங்கள் குழுவின் அலுவலகம் இருக்கும் வின்னிபெக் நகர முகவரிக்கு எழுதுங்கள்.

என்றும் உங்கள்,
ரதிதேவி


பிளாக்ஹவுஸ் பே
3 செப்டெம்பர் 1998

அன்பின் ரதிக்கு,

நீர் வருகிறீர் என்று வாசித்ததும் மகிழ்ச்சியில் எழும்பி நின்றுவிட்டேன். பிறகு இருந்து மறுபடி வாசித்தேன். பறவைகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதிய நீர், வீட்டுக்கு வருவதைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர். உம்மோடு இத்தனை காலம் குடும்பம் நடத்தியவனுக்கு உமது மனதை அறிய அது போதும்.

கிருசாந்தியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த வருடமும் பனி முந்தி உடைந்தால் அந்த மீன் என்ன செய்யும் என்று கேட்டாள். ஒருவருக்கும் தெரியாது, யாராவது இருந்து பார்க்க வேண்டும் என்றேன். "அப்ப அம்மா பாக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய் அழுதாள். நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். அழுது முடிந்து, அங்கே பனியில் சறுக்கலாமா என்று கேட்டாள்.

ஆகையால் டிக்கெட்டை மாற்றும். குழுத் தலைவரிடம் போய், இன்னொரு வருடம் இருக்கிறேன் என்று சொல்லும். இங்கே உமது வேலை போகும், அது சின்ன விஷயம் இல்லை என்று எனக்குத் தெரியும். இவ்வளவும் படித்த உமக்கு இன்னொரு வேலை வரும் என்று நம்புகிறேன். டிசம்பரில் பள்ளி விடுமுறை விட்டதும் நாங்கள் இருவரும் வின்னிபெக் வருகிறோம். நான் ஒஃபிசில் லீவு கேட்டுவிட்டேன்.

எழுதியதை வாசித்துப் பார்த்தால் நான் பெரிய மனதுக்காரன் போலத் தெரிகிறது. அப்படி இல்லை. இன்று காலை யோசனையில்லாமல் தேத்தண்ணீர் இரண்டு கோப்பை போட்டுவிட்டேன். இரண்டையும் நானே குடித்தேன்.

இருந்து, பார்த்து, பிறகு வாரும்.

உம்முடைய,
சபாரத்தினம்