நிற்கத் தெரியாத எஞ்சின்

ஏங்க,

இன்று காலை குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். முன்பக்கம் கடையில் நம் மகன் புதிதாக வாங்கிய கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியில் காற்று நிறைந்ததும் டக்கென்று தானாக நின்றது. என் கையும் நின்றுவிட்டது. அது தானே நிற்கும் என்று தெரிந்தும், அந்த நேரத்தில் என் காது கடைப்பக்கம் ஓடிவிடுகிறது. உங்களால் வந்த வியாதி.

மன்னார்குடி சாலையில் நாம் பங்க்சர் கடை போட்ட புதிதில், கரண்ட் விருந்தாளி மாதிரி. எப்போது வரும், எத்தனை நேரம் இருக்கும் என்று கேட்க முடியாது. காற்றடிக்கக் காத்திருப்பவர்கள், "ஆட்சி மாறட்டும், கரண்ட் தானா வரும் பாருங்க" என்பார்கள். ஆட்சி மாறியது. எதிரே இருந்த கொடிக்கம்பத்துக்குப் புது பெயின்ட் அடித்தார்கள், கரண்ட் வரவில்லை. அறுவடைக்கு டிராக்டர்கள் போய்வரும் தை மாதத்திலேயே ஈ ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். கடையை மூடிவிட்டுத் திருப்பூர் பக்கம் போய்விடலாமா என்றுகூடக் கேட்டீர்கள்.

அப்போதுதான் உங்கள் கண் என் அப்பாவின் எஞ்சின் மேல் விழுந்தது. அப்பா குத்தகைக்கு உழுத நிலத்தை, தகராறு முற்றி, மிராசுதார் ஆள் வைத்துப் பிடுங்கிக்கொண்டபோது, அங்கிருந்து அவரால் தூக்கிவர முடிந்தது அந்தத் தண்ணீர் இறைக்கும் எஞ்சினை மட்டும்தான். பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும். அப்பா போனபிறகு நம் கொல்லையில் சாக்கு போர்த்திக் கிடந்தது. அப்போது கடையில் இருந்த கம்ப்ரஸரின் மோட்டாரைக் கழற்றிவிட்டு அதைப் பூட்டப்போகிறேன் என்றீர்கள்.

"அதுல கை வச்சீங்கன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

"நீ போ. எஞ்சின் இங்கயே இருக்கட்டும்."

சிரித்துத் தொலைத்தேன், அதில்தான் தோற்றேன். பிறகு மெதுவாகச் சொன்னீர்கள்: "சும்மா கெடந்து துருப்புடிச்சா மட்டும் உங்கப்பாவுக்கு சந்தோஷமா இருக்குமா?" சாக்கை நானே விலக்கிக் கொடுத்தேன்.

மோட்டாரைவிட எஞ்சின் வேகமாகச் சுற்றும் என்று, லேத்தில் சின்ன புல்லி ஒன்று கடைந்து வாங்கிவந்தீர்கள். பெல்ட்டை மாட்டி, கயிற்றைச் சுற்றி ஒரே இழுப்பு. படபடவென்று கிளம்பியதும் தெருவே கூடிவிட்டது. உங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒன்றை மறந்துவிட்டீர்கள். தொட்டி நிறைந்ததும் மோட்டாரைத் தானாக நிறுத்த ஒரு சுவிட்ச் இருந்தது. எஞ்சினை யாராவது கையால் லீவரைத் தள்ளித்தான் நிறுத்த வேண்டும். அது பாட்டுக்குத் தொட்டியில் காற்றைத் திணித்துக்கொண்டே இருந்தது. நீங்கள் டிராக்டர் டயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அறுப்புக் கூலித் தகராறைப் பற்றி டிரைவரோடு வாக்குவாதம் நடத்திக்கொண்டிருந்தீர்கள். உள்ளே மாவு அரைத்துக்கொண்டிருந்த எனக்குச் சத்தம் மாறியது கேட்டது. அந்தக் காலத்தில் அப்பாவின் வயலில் பம்புக்குள் கோரை சிக்கினால் அது இப்படித்தான் முனகும். அப்போதெல்லாம் ஓடிப்போய் நிறுத்துகிறவள் நான்தான்.

மாவுக் கையோடு ஓடிவந்து லீவரைத் தள்ளினேன். தொட்டியின் காற்றழுத்தம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போயிருந்தது. அதிகக் காற்றை வெளியேற்ற வேண்டிய வால்வு துருவேறி இறுகிக்கிடந்தது. ஓடிவந்து முள்ளைப் பார்த்தீர்கள். இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் தொட்டி வெடித்திருக்கும் என்று உங்களுக்குப் புரிந்துவிட்டது.

"அதுக்குக் காது கெடையாதுடி. நீதான் அதுக்குக் காது."

மறுநாளே புது வால்வு போட்டீர்கள். ஆனாலும் நான் வெளியே போயிருந்தால் எஞ்சினைத் தொடமாட்டீர்கள். "வீட்ல கோயிலுக்குப் போயிருக்காங்க, வந்ததும் காத்தடிச்சுத் தரேன்" என்று வந்தவர்களை உட்காரவைப்பீர்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். பெருமையாகவும்தான்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் உங்கள் மூச்சின் சத்தம் மாறியதையும் முதலில் கேட்டவள் நான்தான். நர்ஸ் வருவதற்குள் எழுந்துவிட்டேன். எழுந்து என்ன செய்ய? தள்ளுவதற்கு அங்கே லீவர் இல்லை.

இன்று காலை புளிக் கையைக் கழுவிவிட்டுக் கொல்லைக்குப் போனேன். சாக்கை விலக்கி, எஞ்சினைத் துடைத்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். மகன் வந்து பார்த்தான். "இன்னும் எதுக்கும்மா இது? எடைக்குப் போட்டுடலாமா?"

யோசிக்கவே இல்லை, உங்கள் வார்த்தை தானாக வந்தது.

"நீ போ. எஞ்சின் இங்கயே இருக்கட்டும்."