ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவும் வால் துண்டும்

அன்பு மகள் ஜோதிமணிக்கு, புஜைரா தொழிலாளர் கேம்பிலிருந்து அப்பா எழுதுவது. நான் நலம். நீயும் நலம் என்று போனில் சொன்னாய், மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னதால் நம்பவில்லை. திரும்பப் பேசினால் நீயும் அழுவாய், நானும் அழுவேன், ரூமே வேடிக்கை பார்க்கும். அதனால்தான் எழுதி போட்டோ பிடித்து அனுப்புகிறேன்.

நீ ஆராய்ச்சி செய்கிற அந்த இங்கிலாந்துக்காரர், ஷாஃப்ட்ஸ்பரி பிரபு, அவர் கதையை நீ சொல்லச் சொல்ல லீவு நாளில் நான் ரூமில் சொல்லி வருகிறேன் அல்லவா. முதலில் ராஜா பக்கம், பிறகு ராஜாவை எதிர்த்தவர்கள் பக்கம், கடைசியில் அந்த ராஜா மகனையே நாட்டுக்கு அழைத்து வந்து பதவியும் வாங்கிக்கொண்டார் என்றதும் என் ரூமில் இருக்கிற அருள்ராஜ், சரியான பச்சோந்தி என்று திட்டினான். வயிற்றில் கட்டி வந்து, சீழ் வடிய வெள்ளிக் குழாய் வைத்துக்கொண்டு திரிந்தார் என்றபோது மட்டும் பாவம் என்றான். இதற்கிடையில் இங்கே நான் செய்த கூத்தை அம்மாவிடம் சொல்லிவிடாதே. எங்கள் மெஸ்ஸில் சமைக்கும் சேதுமாதவன் அண்ணனை, சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது என்று சமையலிலிருந்து இறக்கியபோது முதலில் கை தூக்கியது நான்தான். அடுத்துக் கரண்டி பிடித்த அருள்ராஜ், எண்ணெய் கூடாது மீன் கூடாது என்று கஞ்சியும் பயறுமாகப் போட்டு எல்லாரையும் வாட்டினான். கடைசியில் உன் பிரபு காட்டிய வழியில், ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தோடு அடுத்த பிளாக்குக்குப் போய் சேது அண்ணனைத் திரும்ப அழைத்து வந்ததும் நானேதான். ராஜா மாதிரி வந்தார். ஆனால் முதலில் கை தூக்கியது யார் என்பதை மறக்கவில்லை. எல்லாருக்கும் வஞ்சிரத்தில் நடுத்துண்டு, எனக்கு மட்டும் வால். அரசன் அன்று கொல்வான் என்பார்கள், இவர் துண்டு துண்டாகக் கொல்கிறார்.

இப்போது உன் விஷயம். புரொபசர் உன் அத்தியாயத்தைக் குப்பை என்றுவிட்டார், படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்கிறாய். கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை கண்ணு. ரூமில் சொன்னேன். சேது அண்ணன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். கதையில் பிரபுவை லண்டன் கோட்டை ஜெயிலில் போட்டதோடு நிறுத்திவிட்டுப் பொண்ணு எப்படிக் கிளம்பும் என்று கேட்டார். அருள்ராஜும் அதையே கேட்டான், இருவரும் ஒத்துப்போனது இதில் மட்டும்தான். நெட்டில் பார்த்துக்கொள்ளலாமே என்றேன், ஜோதி எழுதித்தான் கேட்கணும் என்று சேது அண்ணன் என் போனைப் பிடுங்கி வைத்துவிட்டார், இந்தக் கடிதத்தை அனுப்ப மட்டும்தான் தருவாராம். அதனால் அந்த புரொபசர் கதவை மறுபடி தட்டு, எங்கே தப்பு என்று கேள். கூச்சமாகத்தான் இருக்கும். சேது அண்ணன் கதவைத் தட்டியபோது எனக்கும் காது சுட்டது, செத்தா போய்விட்டேன்? அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் வந்துவிடு, அப்பாவுக்கு ஒரு வெட்கமும் இல்லை.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். முருகன் உன் பக்கத்திலேயே இருப்பான். ஒன்றை மட்டும் மறக்காதே. பிரபு ஜெயிலிலிருந்து வெளியே வருவதை நீ எழுதி முடிக்கிற அன்றைக்கு எனக்கு நடுத்துண்டு என்று சேது அண்ணன் எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

இப்படிக்கு,
அதுவரை வால் தின்னும் உன் அப்பா,
பன்னீர்செல்வம்