பெரியவருக்குப் புதுத் தரை

மார்ச் 3, செவ்வாய்

காலையில் ஜீப்பில் ஏறியதும் கால் நனைந்தது. மழை நின்று நான்கு நாள் ஆகிறது. ஆனால் பெரியவருக்கு (இருபத்தாறு வயது ஜீப்புக்கு நானும் என் வீட்டுக்காரரும் வைத்த பெயர்) அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. குடித்த தண்ணீரைக் கார்பெட்டுக்குள்ளேயே பத்திரமாக வைத்துக்கொள்கிறார்.

என் பக்கத்துக் கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்குத் துரு, அதன் நடுவே ஓட்டை. ஓட்டை வழியாக ரோடு தெரிந்தது. ரோட்டில் எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. சற்று நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு வேலைக்குப் போனேன்.

மார்ச் 5, வியாழன்

பட்டறைக்காரர் படுத்து உள்ளே பார்த்துவிட்டு எழுந்தார். எழும்போதே சிரிப்பு. "டாக்டர், இன்னும் ஒரு மழை விட்டிருந்தீங்கன்னா வண்டிக்குள்ள உக்காந்துகிட்டே நடந்து போயிருக்கலாம்."

சீட்டுகளைக் கழற்றினார். கார்பெட்டை உரித்து வெளியே எறிந்தார். அதற்கடியில் இருந்து கிடைத்தவை: ஊசி மூடி பதினொன்று, ஒரு வெப்பமானி, மூன்று வருடம் முன்பு காணாமல் போய் நான் இவர்மேல் பழி போட்ட என் மூக்குக்கண்ணாடி. கண்ணாடியைப் பற்றி வீட்டில் வாய் திறக்கப்போவதில்லை.

ஓட்டைக்குத் தகடு வைத்து வெல்டிங், அதன்மேல் துருவுக்கான ப்ரைமர். அவர் வேலை அதோடு சரி. "மேல என்ன விரிக்கிறதுன்னு நீங்க முடிவு பண்ணிக்குங்க."

மார்ச் 8, ஞாயிறு

வெறும் தகரத்தரையோடு வண்டி வந்துவிட்டது. ஓட்டினால் பாத்திரக் கடைக்குள் மாடு புகுந்த சத்தம்.

இன்றும் இவர் வரவில்லை.

கல்யாணமான புதிதில் ஆரம்பித்த வழக்கம் அது. ஞாயிற்றுக்கிழமை இவருடைய தையல் கடைக்கு விடுமுறை. மாடுகளுக்கு விடுமுறை கிடையாது. ஆகவே என்னோடு பண்ணைகளுக்குக் கிளம்பிவிடுவார். நான் மாட்டைப் பார்ப்பேன், இவர் மாட்டுக்காரரோடு அரட்டை அடிப்பார். போகிற வழியெல்லாம் பேச்சு. கடையில் யார் இடுப்பு எத்தனை அங்குலம் ஏறியது, யார் அதை ஒப்புக்கொள்ளவில்லை என்பதுவரை எல்லாம் எனக்குத் தெரியும். இரண்டு வருடமாக அது நின்றுபோயிருக்கிறது. தலைவலி, அவசரத் துணி, தூக்கம், ஏதாவது ஒன்று.

இன்று நேராகவே கேட்டேன். "உன் ஜீப்புல உக்காந்தா தகர டப்பாவுக்குள்ள போட்டு உருட்டற மாதிரி இருக்கு டாக்டரம்மா. ஒரு வார்த்தை பேச முடியுதா?" என்றார்.

சரி. சத்தம்தான் காரணம் என்றால் சத்தத்தை ஒழித்துக்கட்டுகிறேன்.

சத்தம்தான் காரணமா? இல்லை, இருபத்திரண்டு வருடத்தில் என்னோடு பேச இருந்ததெல்லாம் தீர்ந்துபோச்சா? வீட்டில் மட்டும் என்ன வாழுது? நான் பத்து வார்த்தை சொன்னால் ஒரு "உம்". எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 9, திங்கள்

வண்டி விரிப்புக் கடை. கடைக்காரம்மா நல்ல பேச்சுக்காரி. நான்கு மாதிரித் துண்டு வெட்டிக் கொடுத்தாள்: கார்பெட், வினைல், கோடு போட்ட தடித்த ரப்பர், காய்ந்ததும் பாறையாகிவிடும் ஒருவகைப் பூச்சு அடித்த தகடு.

"சத்தம் வேணாம்னா கார்பெட்தான் மேடம், கண்ணை மூடிட்டு வாங்குங்க."

கண்ணை மூடலாம். மூக்கை என்ன செய்வது? ஒரு பண்ணையிலிருந்து அடுத்த பண்ணைக்கு நோயைச் சுமந்துகொண்டு போகாமல் இருக்க, நான் ஒவ்வொரு இடத்திலும் வண்டித் தரையைக் கிருமிநாசினி ஊற்றிக் கழுவ வேண்டும். கார்பெட்டைக் கழுவலாம், காயவைக்க முடியாது. பெரியவர் அதைத்தான் இத்தனை நாளாக நிரூபித்துக் காட்டினார்.

மார்ச் 10, செவ்வாய்

நான்கு துண்டையும் பால்கனியில் வரிசையாக வைத்து, நான்கின்மேலும் ஒரு கரண்டி சாணி, ஐந்து சொட்டு அயோடின், கொஞ்சம் சேறு. பக்கத்து வீட்டம்மா துணி காயப்போட வந்தவள் பார்த்துவிட்டு, பேசாமல் துணியோடு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 14, சனி

பரீட்சை முடிவு. கார்பெட்: படுதோல்வி, வெளியே தூக்கிப் போட்டாயிற்று. வினைல்: சுத்தமாகக் கழுவ வருகிறது, ஆனால் பூட்ஸ் முனை பட்ட இடத்தில் கிழிந்துவிட்டது. பூச்சுத் தகடு: உலகமே அழிந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது, ஆனால் தட்டினால் கோயில் மணி. ரப்பர்: தேறியது, ஆனாலும் தனியாக அது சத்தத்தை அடக்காது.

இவரும் வந்து குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றையும் விரல் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார், சட்டைத் துணி பார்க்கிற மாதிரி. ரப்பரைத் தூக்கித் தொங்கவிட்டார். "மேல்துணி நல்லாத்தான் இருக்கு. உள்ளே லைனிங் கொடுத்துட்டா நிக்கும்" என்றார்.

லைனிங்! எனக்கு ஏன் தோன்றவில்லை? கடைக்காரம்மாவுக்குப் போன் போட்டேன். இருக்கிறதாம். தகரத்தின்மேல் ஒட்ட தார் ஷீட், அது அதிர்வைக் குடித்துவிடும். அதன்மேல் தண்ணீர் உறிஞ்சாத ஃபோம். எல்லாவற்றுக்கும் மேலே ரப்பர், கழற்றிக் கழுவுகிற மாதிரி. முடிவாகிவிட்டது.

இவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. நன்றி சொன்னேன். "உம்" என்றார்.

மார்ச் 15, ஞாயிறு

இன்று இவர் பெரியவருக்கு அளவு எடுத்தார். கழுத்தில் டேப், காதில் பென்சில், கையில் கடையிலிருந்து கொண்டுவந்த பழுப்புத் தாள் சுருள். தாளை வண்டித் தரையில் விரித்து நகத்தால் அழுத்தி அழுத்தி மடிப்பு எடுத்தார். நடுவில் கியர் பெட்டி மேடாக இருக்கிறதே, அந்த இடத்தில் தாள் படியவில்லை. "இவருக்குத் தொப்பை. ரெண்டு பக்கமும் மடிச்சு டார்ட் பிடிக்கணும்" என்றார்.

எத்தனை நாளாயிற்று இவரை இப்படிப் பார்த்து! பக்கத்தில் நின்று நான் ஏதோ பேசிக்கொண்டே இருந்தேன். பதில் வரவில்லை. வேலை மும்முரம்.

மார்ச் 18, புதன்

நேற்று தார் ஷீட்டும் ஃபோமும் ஒட்டினோம். இன்று ரப்பரை, தாளில் இருந்தபடி அச்சுப் பிசகாமல் வெட்டி உள்ளே இறக்கினோம்.

படியவில்லை. ஓரமெல்லாம் எழும்பி நடுவில் வயிறு உப்பியது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் பாதியிலேயே ரப்பர்மேல் இடித்து நின்றது. இந்தப் பக்கம் தள்ளினோம், அந்தப் பக்கம் புடைத்தது. அந்தப் பக்கம் இழுத்தோம், பின்னால் எழுந்தது. டேப்பை எடுத்து நானே அளந்தேன். சுற்றிலும் சரியாக அரை அங்குலம் கூடுதல்.

"என்னங்க இது?"

பார்த்தார். தாளைப் பார்த்தார். ரப்பரைப் பார்த்தார். முகம் மெல்லச் சிவந்தது.

"தையலுக்கு விட்டிருக்கேன்."

"ரப்பரை யாருங்க தைக்கப் போறா?"

"முப்பது வருஷமா அரை இஞ்ச் விடாம நான் எதையுமே வெட்டினதில்ல. கை தானா விட்டுடுச்சு."

பட்டறைக்காரர் அந்த நேரம் பார்த்து வீட்டுக்கு வந்து, விஷயம் தெரிந்ததும் வாசல்படியில் உட்கார்ந்து சிரித்தார். "பிற்காலத்துல வண்டி குண்டாயிட்டா பிரிச்சு விடலாம், நல்லதுதானே!" எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. இவர் மட்டும் கோபித்துக்கொண்டு கத்தியைத் தீட்டப் போனார்.

மார்ச் 19, வியாழன்

அரை அங்குலம் கத்தரித்தாயிற்று. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டார்!

மார்ச் 22, ஞாயிறு

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலை கிளம்பினோம். நான் ஓட்டினேன். இண்டிகேட்டருக்கு 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் உண்டு என்பதே எனக்கு இன்றுதான் தெரியும், அவ்வளவு அமைதி. மனசு துள்ளியது. வாயைத் திறந்தவள் மூடவே இல்லை. இவர் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு "உம்" என்றார். கொஞ்சம் கழித்து இன்னொரு "உம்". சந்தேகம் வந்து சோதித்தேன். "போன வாரம் ஒரு பசு கன்னு போட்டுதுங்க. மூக்கு அச்சு அசல் உங்க மூக்கு" என்றேன்.

"உம். நல்லது."

அவ்வளவுதான். சத்தம் இல்லை, சாக்கும் இல்லை. அப்படின்னா இவருக்கு நான்தான் அலுத்துப்போய்ட்டேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. தார் ஷீட்டாம், ஃபோமாம், ரப்பராம். யாருக்காக இதெல்லாம்?

பண்ணையில் கன்று திரும்பி மாட்டிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் தோள்வரை கையை உள்ளே விட்டு ஒருவழியாக எடுத்தேன். தாயும் பிள்ளையும் நலம். என் கைதான் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாமல் நடுங்கியது. ஆகவே திரும்பும்போது இவர் ஓட்டினார்.

ஜன்னல் பக்கம் திரும்பி எனக்கு நானே முனகினேன், "இந்தக் கை இனிமே என் கையே இல்ல."

"வீட்டுக்குப் போனதும் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கறேன்" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். சும்மா ஏதோ சொன்னேன். பதில் வந்தது. இன்னொன்று சொன்னேன், அதற்கும் வந்தது, கூடவே ஒரு கிண்டல். கன்றுக்குட்டியின் மூக்கை மறுபடி சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்து வண்டியைப் பள்ளத்தில் விடப் பார்த்தார். "என் மூக்கா? ஐயோ பாவம் அந்தக் கன்னு!"

"இதைத்தானே போகும்போதும் சொன்னேன்."

"எப்போ சொன்னே?"

அதே வண்டி. அதே தரை. அதே மனிதர். மாறியது உட்கார்ந்த இடம் மட்டும். போகும்போது அவருடைய வலது காது என் பக்கம். வரும்போது இடது காது.

வீட்டுக்கு வந்ததும், ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவரின் வலது பக்கம் நின்று மெதுவாகக் கூப்பிட்டேன். அசையவில்லை. இடது பக்கம் போய் அதே குரலில் கூப்பிட்டேன். "ம், என்ன?" என்று திரும்பினார்.

வாயில்லா ஜீவன்களுக்கு எங்கே வலிக்கிறது என்று பார்த்துச் சொல்கிற டாக்டர் நான். வீட்டில் இருப்பதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம்.

மார்ச் 23, திங்கள்

சொன்னேன். "என் காதுக்கு ஒண்ணும் இல்ல. நீ மாட்டைப் பாரு" என்று எழுந்து போய்விட்டார்.

மார்ச் 26, வியாழன்

பேச்சு வார்த்தை இல்லை. இப்போது உண்மையாகவே இல்லை.

மார்ச் 29, ஞாயிறு

காலையில் நான் வண்டியை எடுக்கப் போனபோது ஓட்டுகிற சீட்டில் இவர் உட்கார்ந்திருந்தார். "நான் ஓட்டறேன், நீ பேசு" என்றார்.

ஊரைத் தாண்டியதும் தானாகவே சொல்ல ஆரம்பித்தார். இரண்டு வருடம் முன்பு ஒரு சளிக் காய்ச்சல், அதன் பிறகு மெல்ல மெல்லக் குறைந்ததாம். முதலில் தெரியவில்லையாம். தெரிந்த பிறகு வெட்கமாம். கடையில் மேஜையைத் திருப்பிப் போட்டுக்கொண்டாராம், வாடிக்கையாளர் இடது பக்கம் நிற்கிற மாதிரி. வெளிச்சத்துக்காக என்று என்னிடம் சொன்னாரே, அது! "அம்பத்தோரு வயசுல காது போச்சுன்னா யாரு நம்பி அளவு கொடுப்பா?"

"என்கிட்டச் சொன்னா என்னங்க?"

"ஜீப்புல நீ பேசுவே, எனக்கு விளங்காது. திரும்பத் திரும்ப 'என்ன, என்ன'ன்னா உனக்கு வெறுத்துப்போயிடுமோன்னு இருந்துச்சு. அதான் வர்றதையே விட்டுட்டேன்."

மடையன் என் புருஷன். நானும்தான். வண்டியை ஓரங்கட்டச் சொல்லி அழுது தீர்த்தேன். அவரும் அழுதார். அந்த வழியாக வந்த பால்காரர், "வண்டி ரிப்பேரா டாக்டர்?" என்று கேட்டார்.

ஏப்ரல் 4, சனி

காது பரிசோதனை. கண்ணாடி அறைக்குள் ஹெட்போனோடு பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். வலது காது பாதிக்குமேல் மந்தம், இடது நன்றாக இருக்கிறது. சிகிச்சையால் திரும்பாதாம், கருவி வைத்தால் போதும் என்றார் காது டாக்டர். சின்னதுதான், கடலைப் பருப்பு அளவு.

ஏப்ரல் 12, ஞாயிறு

கருவி வந்து நான்கு நாள். வீட்டில் நிம்மதி போயிற்று. ஃபிரிட்ஜ் இரைகிறதாம். நான் தோசைக்கரண்டியை அடுப்புமேல் வைக்கிற சத்தம் தாங்கவில்லையாம். தன் கத்தரிக்கோல் துணியில் ஓடும்போது இரண்டு பக்கமும் கேட்கிறதாம். அதை ஒருமுறை எனக்காக மெதுவாக வெட்டிக் காட்டினார்.

என் குறட்டையைப் பற்றியும் சொன்னார். அதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

நான் ஓட்டினேன், இவர் பக்கத்தில். ஒருவர் பேண்ட் அளவு கொடுக்கும்போது மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு, தைத்து வாங்கிய பிறகு கடைக்கே வந்து சண்டை போட்டாராம். அந்த ஆள் நின்ற மாதிரியே சீட்டில் நிமிர்ந்து நடித்துக் காட்டினார். நான் நடுவில் ஒன்று சொல்ல, அவர் அதற்குமேல் ஒன்று சொல்ல, எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

பண்ணைக்குத் திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டி ஒன்பது கிலோமீட்டர் போய்விட்டோம். கண்ணைக் கட்டிவிட்டாலும் போகக்கூடிய பாதை. வாசலில் காத்துக்கொண்டிருந்த பண்ணைக்காரர், "ஏன் டாக்டர் இவ்வளவு லேட்டு, வழியில ஏதாவது பிரச்சனையா?" என்றார்.

"அதெல்லாம் இல்லீங்க, பேசிட்டே வந்தோம்" என்றார் இவர்.