சொந்த மகனுக்கு ஞானத்தந்தை

1143, மார்ட்டினார் திருநாளுக்கு முந்தின நாள்

எங்கள் கொழுத்த வாத்தை ஆயர் மாளிகைக்குப் பிடித்துப் போனார்கள். திருநாள் காணிக்கையாம். ஆன்மாக்களைக் காக்கிறவர்களுக்குப் பசி அதிகம்.

மார்ட்டினார் திருநாள்

மனைவி எர்மாவுக்கு எட்டாம் மாதமே வலி கண்டது. பையன் நீலம் பாரித்துப் பிறந்தான். பங்குச்சாமி ஆயரின் விருந்தில் இருந்தார். மருத்துவச்சி எர்மாவின் உதிரத்தை நிறுத்தப் போராடிக்கொண்டிருந்தாள். “சாமி வர்றதுக்குள்ள உசுரு போயிடும், நீயே தண்ணி ஊத்துப்பா!” என்று கத்தினாள். ஊற்றினேன். ஞானஸ்நான வாசகத்தைப் பிசகாமல் சொன்னேன். கோஸ்லன் என்று பெயர். அந்தி வரை இருந்தான்.

மறுநாள்

ஞானஸ்நானம் பெற்றவன் என்பதால் கல்லறைத் தோட்டத்துக்குள் இடம் கிடைத்தது. எர்மாவுக்கு அது ஒன்றுதான் ஆறுதல்.

நிக்கோலாஸ் திருநாள்

ஆயர் மன்றத்து நீதிபதி ஒட்ரிக் கூப்பிட்டனுப்பினார். பேரிக்காய் தின்றுகொண்டே பேசினார்.

“ஞானஸ்நானம் குடுத்தவன் ஞானத்தந்தை. ஞானத்தந்தையும் பெத்தவளும் உடன்பொறப்பு மாதிரி. இனிமே ஒரே வீட்ல இருக்கக் கூடாது.”

“அவ என் பொண்டாட்டிங்க.”

“நீ தண்ணி ஊத்துற வரைக்கும் இருந்தா.”

இளமையில் பொலோஞாவில் சட்டம் படித்தவன் நான். உயிர் போகும் அவசரத்துக்கு விலக்கு உண்டு என்றேன்.

“படிச்சவனா? அதான் தொந்தரவு.”

பிறகு கருணை காட்டினார். வாசகத்தைத் தப்பாகச் சொன்னதாக நான் சத்தியம் செய்தால் ஞானஸ்நானம் செல்லாது. மனைவி மனைவியாகவே இருப்பாள். “ஆனா பிள்ளையத் தோண்டி வேலிக்கு வெளிய போடணும். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?”

அன்றே

எர்மா மாவு பிசைவதை நிறுத்தவில்லை.

“தப்பாவா சொன்னீங்க?”

“இல்லடி.”

“அப்ப நான் அண்ணன் வீட்டுக்குப் போறேன். பிள்ளை வேலிக்கு உள்ளயே இருக்கட்டும்.”

நாசமாப் போறவனுங்க. ஒரு சாண் பிள்ளை — அவனப் போயி...

1144, மெழுகுவத்தித் திருநாள்

வீட்டில் பேச ஆள் இல்லை.

தவக்காலம், இரண்டாம் வாரம்

உடன்பிறப்பைப் பார்க்கப் போவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. திருச்சபையின் தாராளம். மைத்துனன் ரைனால்ட் கதவைத் திறந்தான்.

“வாங்க ஞானத்தந்தையே, உங்க உடன்பொறப்பு மாடியில இருக்கு. நான் ஆடு பாக்கப் போறேன். வர நேரமாகும்.”

புனிதர் அனைவர் திருநாள்

எட்டு மாத வயிற்றைத் தள்ளிக்கொண்டு எர்மா வெறுங்காலோடு கோயில் வாசலில் நின்றாள். கையில் மெழுகுவத்தி. பேர் தெரியாத ஆணோடு இருந்ததற்குத் தண்டனை. ஒட்ரிக் அவளைத் தாண்டி உள்ளே போய், கற்பைப் பற்றிப் பிரசங்கித்தார். நன்றாகத்தான் பேசினார்.

லூசியாள் திருநாள்

பெண் குழந்தை. ரைனால்ட் கோயிலுக்குத் தூக்கி வந்தான். பங்குச்சாமி இம்முறை ஊரில் இருந்தார்.

“அப்பன் யாரு?”

“தெரியலீங்க சாமி,” என்றான் ரைனால்ட். கோயில் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.

தண்ணீர் பட்டதும் வீறிட்டாள். நல்ல தொண்டை. நான் தூணுக்குப் பின்னால், கைகளை அங்கிக்குள் இறுக்கிக்கொண்டு நின்றேன். ஒரு சொட்டுகூட என்மேல் தெறிக்கவில்லை.